மாமி திருப்பி அனுப்பிய பித்தளைப் பின்கள்

என் மனைவியின் உம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது அவராக இருக்காது. அவர் இப்போது இல்லை. இருந்தாலும் லேத் பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தக் கோபம் என்னோடு கூடவே வருகிறது. அவர் சமைத்ததைத் தின்று, அவர் புருஷன் விட்டுப்போன லேத்தில் வேலை செய்து, அவர் மகளோடு குடித்தனம் நடத்தினேன். பல வருஷமாக அவர் என்னோடு நேருக்கு நேர் ஒரு சொல் கதைக்கவில்லை. கதைக்காமலே நான் கடைந்த சாமான்களை ஒன்றுவிடாமல் சோதித்துப் பாதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கதைக்காததற்குக் காரணம் பகை இல்லை, வெட்கம். மருமகனுக்கு முன்னால் மாமி வருவதில்லை, வந்தாலும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. மார்க்கத்தில் இப்படி ஒரு தடையும் கிடையாது என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லியிருக்கிறார். பழைய ஆட்களின் பழக்கம், அவ்வளவுதான். நான் கனமூலை ஊர்க்காரன். என் உம்மா மருமகன்மாரை நிற்கவைத்து ஏசுவார், அவர்கள் சிரித்துக்கொண்டே சோறு கேட்பார்கள். மாமி மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பாலாவிக்குப் பக்கத்தில் குடியேறியவர். வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வந்தவர், இந்த வெட்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு அந்த வீட்டில் கல்யாணம் பேசியபோது மாமா மௌத்தாகி அடக்கமாகிவிட்டிருந்தார். லேத் ஒரு பழைய சீலையால் மூடிக் கிடந்தது. நான் அப்போது சிலாபத்தில் ஒரு பெரிய பட்டறையில், தேங்காய் ஆலைகளுக்கான இயந்திர வேலை செய்துகொண்டிருந்தேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்களா, லேத்துக்கு ஆள் பார்த்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெளிவில்லை. என் மனைவி நஸ்மியாவிடம் கேட்டால், "ரெண்டுக்கும்தான், லேத் உங்கள முதல்ல புடிச்சிட்டு" என்பாள்.

பட்டறை வீட்டின் பின்வளவில், தகரக் கூரைக்குக் கீழே. குசினிக் கதவு நேரே அதற்குள்தான் திறக்கும். அந்த வாசலில் ஒரு திரை. திரைக்கு அந்தப்பக்கம் மாமி, இந்தப்பக்கம் நான், இரண்டு பக்கத்துக்கும் போய்வருவது நஸ்மியா. உப்பு லொறியோ சீமெந்து லொறியோ வீதியில் போகாத நேரத்தில் மாமி மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்கும். ஆனாலும் அவர் "அவருக்கிட்ட சொல்லு" என்று தொடங்க வேண்டும், நஸ்மியா அதை எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், நான் "உம்மாட்ட சொல்லு" என்று பதில் தர வேண்டும். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இரிக்கு, என்னை ஏன் கொல்றீங்க?" என்று நஸ்மியா கத்திய நாட்கள் உண்டு.

எங்கள் பட்டறையில் அதிகமாகச் செய்தது படகு எஞ்சின்களுக்கான பின்கள். விரல் நீளம்கூட வராத பித்தளைத் துண்டு. கடலோரக் களப்பில் ஓடும் சின்னப் படகுகளில், தண்ணீரைத் தள்ளும் காற்றாடியைத் தண்டோடு பிடித்திருப்பது இதுதான். காற்றாடி கல்லில் அடிபட்டாலோ வலையில் சிக்கினாலோ முதலில் பின் முறிய வேண்டும். அது முறிந்தால்தான் எஞ்சினுக்குள் இருக்கும் பல்லுச் சக்கரங்கள் தப்பும். பிறகு படகுக்காரர் எஞ்சினைத் தூக்கி, முறிந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, கையிருப்பில் உள்ள புதுப் பின்னைப் போட்டுக்கொண்டு கரைக்கு வருவார். பின் ஓட்டைக்குள் இளக்கமாக இருந்தால் ஆடி ஆடி அடிபட்டுக் காரணமில்லாமல் முறியும். இறுக்கமாக இருந்தால் ஆடுகிற படகில், நனைந்த கையால் அதை உள்ளே தள்ள முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. அந்த நடு எங்கே என்பதுதான் எனக்கும் மாமிக்கும் இருந்த வழக்கு.

மாமாவின் காலத்திலிருந்தே கடைந்து முடிந்த பின்கள் குசினிக்குப் போக வேண்டும். மாமி அவற்றை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பார். உப்புப் பேணிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டை இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒன்றாக மாமா அதில் ஓட்டைகள் போட்டு வைத்திருந்தார். மாமி பின்னை ஓட்டையில் வைத்துப் பெருவிரலால் தள்ளுவார், கட்டையைச் சரித்துப் பார்ப்பார், காதோடு வைத்து உலுக்குவார். தள்ளினால் போக வேண்டும், சரித்தால் திரும்ப வர வேண்டும், உலுக்கினால் சத்தம் வரக்கூடாது. பிடித்துப்போனால் எண்ணெய் தடவி, பத்திரிகைத் துண்டில் சுற்றி, இரண்டு முனையையும் டொபி போலத் திருகி வைப்பார்.

நான் லேத்தைத் தொட்ட முதல் வாரமே ஒரு பேணி நிறையப் பின் திரும்பி வந்தது.

"உம்மா சொல்றா, மிச்சம் இறுக்கமாம். சொட்டுக் குறைச்சு எடுக்கட்டாம்."

நான் மைக்ரோமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் நான் நினைத்த அளவில்தான் இருந்தன. "மைக்ரோமீட்டர்ல சரியா இரிக்கு எண்டு சொல்லு" என்றேன்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கடல்ல ஆரும் மைக்ரோமீட்டர் கொண்டு போறல்ல எண்டு சொல்லு."

நஸ்மியா வாயைத் திறந்தாள். "கேட்டிச்சு, நீ சொல்லத் தேவல்ல" என்று நான் லேத்தைப் போட்டேன். சிலாபத்துப் பட்டறையில் இறுக்கம்தான் எங்களுக்கு மானம். தண்டில் பெயரிங்கைச் சூடாக்கித்தான் ஏற்றுவோம், ஆறினால் பிறகு யானை வந்தாலும் அசையாது என்று பெருமை பேசுவோம். இங்கே ஒரு கிழவி பெருவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டு என் வேலையைத் திருப்புகிறார்.

பின்னில் மட்டும் என்றில்லை, மாமிக்கு உலகத்தில் எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது. அந்த வீட்டில் ஒரு போத்தல் மூடியும் முழுதாகப் பூட்டிக் கிடந்து நான் கண்டதில்லை. சீனிப் பேணியைத் திறந்தால் எறும்பு, மாப்பேணியைத் திறந்தால் வண்டு. குழாயை இறுக்கிப் பூட்டமாட்டார், அது சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் ஓர் அளவு கூடத்தான் செருப்பு வாங்குவார். பேரப்பிள்ளைக்கு அவர் தைத்த சட்டைக்குள் இன்னொரு பிள்ளையையும் வைக்கலாம். கேட்டால், "காத்துப் போகட்டும்" என்பார். நான் போய்க் குழாயை இறுக்கிவிட்டு வருவேன். திரும்பிப் பார்த்தால் மறுபடி சொட்டும்.

ஓரிடத்தில் இருக்கவும் மாட்டார். கையில் ஒரு பின்னைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் திரைக்குமாக நடப்பார். லேத் ஓடும்போது திரைக்குக் கீழே அவருடைய இரண்டு பாதங்கள் தெரியும். முன்னும் பின்னும் ஆடினால் நான் கடைவது பிடிக்கவில்லை, ஒட்டி நின்றால் கவனிக்கிறார், ஒரு கால்விரல் மட்டும் தட்டினால் செய்தி வரப்போகிறது. புருஷன் மனைவிக்குள் இல்லாத கண்காணிப்பு எனக்கு மாமியால் வந்தது.

நஸ்மியா ஒருமுறை காரணம் சொன்னாள். மன்னாரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்த நாளில், மாமா லேத்தை விட்டாலும் அதன் சக் பாகத்தையாவது கழற்றிக்கொண்டு போக நினைத்தாராம். சக் என்பது லேத்தின் கை. இரும்பைப் பிடிப்பது அதுதான். அதன் புரி தண்டோடு இறுகிப்போய் இருந்தது. மாமா அடித்தார், மாமி தொங்கினார், அசையவில்லை. வெளியேறத் தந்த நேரம் முடிந்துவிட்டது, விட்டுவிட்டு வந்தார்கள். இந்த லேத் இங்கே வந்த பிறகு வாங்கியது. "அதில இருந்துதான் உம்மா இப்பிடி" என்றாள் நஸ்மியா.

எனக்கு அன்று மாமியின் மேல் மனம் இளகிவிட்டது. ஆனால் திரைக்குள்ளே இருந்தவர் சும்மா விடவில்லை. "பொய் சொல்லாத எண்டு சொல்லு. அதுக்கு முந்தியே நான் இப்பிடித்தான். எனக்கு எட்டு வயசிலயே உம்மா அடிச்சிரிக்கா, மூடி பூட்டல்ல எண்டு." நஸ்மியா முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வழக்கில் இரண்டு பேருக்கும் தோல்வி உண்டு. உப்பளக்காரர் ஒருவர் பாத்தியில் தண்ணீரைத் தடுக்கும் நீர்ப்பலகையைப் பிடிக்கும் போல்ட்களும் நட்களும் கேட்டார். நான் புரியை வடிவாக வெட்டினேன், ஆட்டமே இல்லை. மாமி திருப்பி அனுப்பினார். "நட்டு போல்ட்டுல தளம்பணுமாம்." நான் முடியாது என்று அப்படியே கொடுத்துவிட்டேன். அடுத்த பருவத்தில் அந்த மனிதர் இரும்பறுக்கும் வாளால் அறுத்த போல்ட்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினார். புரிக்குள் உப்புக் கட்டிப்போய் ஒன்றுகூடத் திரும்பவில்லையாம். மாமி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. திரைக்குக் கீழே ஒரு கால்விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு என் முறை வந்தது. தேங்காய் ஆலை ஒன்றின் சுழல்தண்டை இணைக்கும் பின்கள். மாமி வழக்கம்போல, "சொட்டு எடுங்க." நான் வேண்டாம் என்றேன். வேண்டும் என்றார். நஸ்மியா நாலைந்து தரம் போய்வந்து, கடைசியில் அழத் தொடங்கியதால் எடுத்துவிட்டேன். அந்தத் தண்டு சில நாளிலேயே டக் டக் என்று அடிக்கத் தொடங்கி, பின்னும் போய் ஓட்டையும் நீளமாகி, தண்டையே மாற்ற வேண்டி வந்தது. ஆலைக்காரர் கத்தியதைத் திரைக்குப் பின்னால் மாமி முழுதாகக் கேட்டார். அன்று பகல் என் சோற்றுக் கோப்பையில் இரண்டு பெரிய பாரை மீன் துண்டு இருந்தது. அதோடு செய்தி வந்தது. "அது சுத்துற சாமான் எண்டு எனக்கு ஆரும் சொல்லல்லயாம்."

அதற்குப் பிறகு எந்த வேலை வந்தாலும் திரைக்குள்ளிருந்து இரண்டு கேள்விகள் வரும். இது சுற்றுமா? இதை யார் கழற்றுவார்? சுற்றுகிறது என்றால் மாமி என்னை விட்டுவிடுவார், நான் என் விருப்பப்படி இறுக்கலாம். கையால் கழற்ற வேண்டியது என்றால் அது அவருடையது, நான் வாயைத் திறக்கக் கூடாது. படகுப் பின் இரண்டிலும் சேரும். அது சுற்றவும் செய்யும், கடலில் வைத்துக் கழற்றவும் வேண்டும். ஆகவே அந்தச் சண்டை மட்டும் முடியவே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சண்டையால்தான் எங்கள் பின்களைத் தேடி கற்பிட்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் பழைய படகுக்காரர் ஒருவர் வந்தார். முகம் கருகி, உதடு வெடித்திருந்தது. எப்போதும் பகிடி விடுகிற மனிதர், அன்று வந்ததும் நேரே ஒரு பித்தளைப் பின்னை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இது போகல்ல."

"எல்லாம் பாத்துத்தானே தந்தது, நானா."

"ஆர் பாத்தது எண்டு எனக்குத் தெரியா. நனைஞ்ச கையால தள்ளித் தள்ளி நகம் பேந்துட்டு. கச்சான் அடிச்சுக் கொண்டுபோய் கண்டல் காட்டுக்குள்ள செருகிட்டு. வேற போட் ஒண்டு வந்து இழுக்காட்டி நான் இண்டைக்கு இங்க இல்ல."

திரைக்குக் கீழே பாதங்கள் ஒட்டி நின்றன. "அத இங்க தரச் சொல்லு" என்றார் மாமி.

நஸ்மியா பின்னைக் கொண்டுபோனாள். குசினிக்குள் கட்டை மேசையில் வைக்கப்படும் சத்தம், பிறகு மாமியின் மூச்சு. கொஞ்ச நேரத்தில் நஸ்மியா கட்டையையே தூக்கிக்கொண்டு வந்தாள். பின் ஓட்டைக்குள் முழுதாக இறங்கியிருந்தது. "உம்மா சொல்றா, நல்லாத்தான் போகுதாம்."

படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கட்டையைச் சரித்தேன், பின் வரவில்லை. தட்டினேன், வரவில்லை. பித்தளையின் முனையில் சிவப்பாக ஏதோ பட்டிருந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்துத் துடைத்தேன், பிசுபிசுத்தது. அப்போதுதான் திரைக்குக் கீழே, மாமியின் பாதத்துக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில் சொட்டுச் சொட்டாக இரத்தம் விழுந்துகொண்டிருப்பதைக் கண்டேன்.

"நஸ்மியா, உம்மாட கையப் பாரு!"

"என்ட கைக்கு என்ன?" என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

நஸ்மியா உள்ளே ஓடினாள். "அல்லாஹ்! உம்மா, பெருவிரல் புளந்து கிடக்கு!"

"எப்ப?" என்று கேட்டார் மாமி.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. எதை உள்ளங்கையால் அமுக்கினார், எதை விரலால் தள்ளினார் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. கிளினிக்கில் சொன்னார்கள், நெடுநாள் சீனி வருத்தம், காலில் தொடங்கிய விறைப்பு கைக்கும் வந்துவிட்டது, நெருப்பில் கை வைத்தாலும் தெரியாது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. காயம் ஆறியது, உணர்ச்சி வரவில்லை.

கட்டு அவிழ்ந்த அடுத்த நாளே மாமி குசினியில் உட்கார்ந்து, "பின் முடிஞ்சா தரச் சொல்லு" என்றார்.

நான் நஸ்மியாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "உம்மாட்ட சொல்லு, இனி அவ பாக்க வேணாம். அந்த போட்கார நானா மௌத்தாகியிருந்தா?"

"நான் சொல்லமாட்டேன்."

"வேற ஆர் சொல்றது?"

"அவட கையில இருந்து அதப் பறிச்சா அவ என்னத்தச் செய்வா? படுத்திருவா. ஒருக்காப் படுத்தா எழும்பமாட்டா. எனக்கு என்ட உம்மாவத் தெரியும்." வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "இவ்வளவு காலமும் நீங்க ரெண்டு பேரும் சொன்னதெல்லாம் கொண்டு போய்க் குடுத்தேன். இத மட்டும் கொண்டு போகமாட்டேன்."

எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது, அவள் சொன்னதில் தவறு காணவும் முடியவில்லை. ஒரு பக்கம் கடலில் போகிற மனிதர்கள், மறுபக்கம் அந்தக் கட்டையையும் பின்களையும் விட்டால் வேறொன்றும் இல்லாத மாமி. நடுவில் ஒரு செய்தி, அதைக் கொண்டுபோக ஆள் இல்லை. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பாதை இருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

அதனால் நான் ஒரு வழி பிடித்தேன். மாமி பார்த்துச் சுற்றிவைத்த பொட்டலங்களை அவர் பகல் லுஹர் தொழப் போகும் நேரத்தில் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, நானே தள்ளிப் பார்ப்பேன். இறுக்கமானதை லேத்தில் மாட்டி எமறி கடதாசியால் உரசி, எண்ணெய் தடவி, திரும்பச் சுற்றி வைப்பேன். முன்பு வாயாடிய மனிதன், இப்போது என் வீட்டிலேயே களவு செய்பவன் போல வாசலைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். ஒரு பின்னைத் தவறவிட்டால் ஒரு மனிதர் காற்றோடு போவார் என்று நெஞ்சு பதறும். மாமி ஸலாம் கொடுத்து எழும்பும் சத்தம் கேட்டால் அதற்கும் பதறும். எனக்குப் பொல்லாத வருத்தம் ஒன்று என்னவென்றால், முன்பு பாதியைத் திருப்பி அனுப்பிய மாமி இப்போது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. எல்லாம் அவருக்குச் சரியாக இருந்தது. நான் திட்டித் தீர்த்த அந்தத் திரும்பி வரும் பேணிக்காக நான் ஏங்கினேன்.

ஒருநாள் முற்பகல். நஸ்மியா பிள்ளையை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் லேத்தில் குனிந்திருந்தேன். திரை விலகியது.

மாமி பட்டறைக்குள் வந்து நின்றார். முக்காட்டை நெற்றிவரை இழுத்திருந்தார். ஒரு கையில் இரும்புக் கட்டை, மறுகையில் ஒரு பொட்டலம். நான் லேத்தை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, லேத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"இந்தப் பொட்டலத்த ஆர் சுத்தினது எண்டு கேக்கணும்."

கேட்பதற்கு அங்கே வேறு ஆளில்லை. கூரைக்குக் கீழே ஒரு கோழி மட்டும் கிளறிக்கொண்டிருந்தது.

"நான்தான், மாமி" என்றேன்.

"நான் வலப்பக்கம் திருகுவேன். இது இடப்பக்கம் திருகிக் கிடக்கு." இப்போதும் லேத்தைத்தான் பார்த்தார். "ஏன் பிரிச்சது?"

"இறுக்கமா இருந்திச்சு. எடுத்திட்டுச் சுத்தி வைச்சேன்."

"இது மட்டுமா?"

"இல்ல. பாதிக்குக் கிட்ட."

"எப்ப இருந்து?"

"விரல் புளந்த நாள்ல இருந்து."

அவர் தரையில் கிடந்த பித்தளைச் சீவலைப் பார்த்தார். பிறகு, கல்யாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நஸ்மியாவின் கண்கள்தான். எனக்கு அதுவரை தெரியாது.

"என்ட விரல் விறைச்சது எனக்குத் தெரியாதா? சரியில்லாட்டி நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துட்டு இருந்தேன். நீங்க ஒண்டும் சொல்லல்ல. அப்ப சரியாத்தான் பாக்கிறேன் எண்டு நெனச்சேன். ஏன் சொல்லல்ல?"

"நீங்க என்னோட கதைக்கிறல்லயே, மாமி!"

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன், கத்தலாக வந்துவிட்டது. இத்தனை வருஷத்து எரிச்சலும் அதில் இருந்தது. கோழி பயந்து வெளியே ஓடியது. சொன்ன உடனே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் அழுவார், உள்ளே போய்ப் படுத்துவிடுவார், நஸ்மியா வந்து என்னைத் தின்றுவிடுவாள் என்று நின்றேன்.

மாமி போகவில்லை. பலகைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டையை என் முன்னால் வைத்து, பொட்டலத்தைத் தள்ளினார்.

"நீங்க தள்ளுங்க."

நான் ஒரு பின்னை எடுத்துப் பெருவிரலால் தள்ளினேன். "சரியாப் போகுது."

"சரி எண்டு ஆருக்கும் சொல்லலாம். எப்பிடிப் போகுது?"

நூற்றுக்கணக்கில் பின் கடைந்தவன் நான், ஒரு பின் எப்படிப் போகிறது என்று இதுவரை ஒருவருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. இறுக்கம், இளக்கம், இந்த இரண்டு சொல்தான் என்னிடம் இருந்தது. மறுபடி தள்ளினேன். "முதல்ல தானாப் போகுது. பாதில கொஞ்சம் யோசிக்குது. பிறகு தள்ளினாப் போகுது."

"யோசிக்குது எண்டா? நிக்குதா, உரஞ்சுதா?"

"உரஞ்சுது."

"சுத்தி வரவா, ஒரு பக்கமா?"

பின்னை எடுத்து, திருப்பிப் போட்டுப் பார்த்தேன். "ஒரு பக்கம்."

"அப்ப அது வளைஞ்சிரிக்கு. அங்கால வைங்க. அடுத்தது?"

அடுத்ததைத் தள்ளினேன். சொல் தேடினேன். "புதுச் செருப்புக்குள்ள கால் போற மாதிரி."

"நீங்க வாங்கின செருப்பா, நான் வாங்கினதா?"

"நீங்க வாங்கினது."

"அப்ப நல்லம்." அவர் உதட்டோரம் அசைந்தது. பொட்டலத்திலிருந்து இன்னொன்றை எடுத்துத் தந்தார். அவர் விரல்கள் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை, நழுவி விழுந்தது. நான் குனியமுன் அவரே குனிந்து தேடி எடுத்தார்.

அதைத் தள்ளினேன். "போகுது. கடைசில மட்டும் ஒரு சொட்டுப் புடிக்குது."

"எடுங்க."

"காணும் மாமி. இதுக்கு மேல எடுத்தா ஆடும்."

"எடுங்க எண்டு சொல்றேன். நனைஞ்ச கையோட நிக்கிற மனிசன நெனைங்க."

"ஆடினா அடிபட்டு முறியும். முறிஞ்சா அதே மனிசன்தான் நனைஞ்ச கையோட நிக்கணும்!"

"முறிஞ்சா வேற போடலாம். போகாட்டி என்னத்தப் போடுறது?"

"தேங்காய் மில்லுக்கும் இப்பிடித்தான் சொன்னீங்க."

"அது சுத்துற சாமான்!"

"இதும் சுத்துற சாமான்தான்!"

"உப்பளத்துப் போல்ட்ட நான் இன்னும் மறக்கல்ல." மாமி பெட்டியிலிருந்து எழும்பிவிட்டார். முக்காடு தோளில் விழுந்திருந்தது, அதை இழுக்கவும் அவருக்கு நேரமில்லை. நான் பின்னைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். அவர் கட்டையைத் தூக்கி மேசையில் அடித்தார். வீதியில் ஒரு லொறி போயிருக்க வேண்டும், அதற்கும் மேலால் இருவரும் கத்தினோம்.

வளவின் வாசல் படலையில் நஸ்மியா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. இடுப்பில் பிள்ளை, கையிலிருந்த பை கீழே விழுந்து கிடந்தது. என்னையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன நடந்த? ஏன் ரெண்டு பேரும் சண்டை புடிக்கிறீங்க?"

பழக்க தோஷத்தில் நான் அவள் பக்கம் திரும்பி, "உம்மாட்ட சொல்லு—" என்று தொடங்கிவிட்டேன்.

மாமி கையை நீட்டி மகளைத் தடுத்தார்.

"நீ இதுக்குள்ள வராத, மகள். நாங்க கதைச்சிட்டிரிக்கோம்."